சைலன்சர் கச்சேரி

சங்கீத விமரிசனம் எழுதும்படி என்னை இதுவரை எந்தப் பத்திரிகாசிரியரும் கேட்டதில்லை. கேட்காததற்குத் தகுந்த காரணமும் உண்டு. தோடிக்கும் பைரவிக்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால், பக்கத்து நாற்காலிக்காரருடைய முகத்தைப் பார்த்துத்தான் நான் பதில் சொல்வேன். ஆனால் ஒரே ஒரு வாத்தியத்தைப் பற்றி மட்டும் அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அதைக் கேட்டு வருகிறேன். அந்த வாத்தியம் புல்லட் மோட்டார் சைக்கிள்.

சமீபத்தில், முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே, அந்த வாத்தியத்தின் குழலைக் கழற்றி வேறு குழல் மாட்டினார்கள். அந்த வகையில் பத்து நாளுக்குள் மூன்று கச்சேரிகள் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவற்றைப் பற்றிய விமரிசனம் இது.

முதலில் வித்வானை அறிமுகம் செய்துவிடுகிறேன். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வம்சம். 1955-ஆம் வருஷம் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் குடியேறியது. பிறந்த ஊரில் வம்சம் அற்றுப்போன பிறகும் குடியேறிய ஊரில் தழைத்தது. எங்கள் வண்டி 1987-ஆம் வருஷத்து மாடல்; என் தகப்பனார் வாங்கியது. வார்ப்பிரும்பு எஞ்சின். 346 சி.சி. உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90 மில்லிமீட்டர். நீண்ட மூச்சு என்று அர்த்தம். நின்ற இடத்தில் ஓடும்போது நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் சுற்று என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி வீதம் வினாடிக்கு ஏழரை வெடி. மனிதக் காது கஷ்டப்பட்டாவது ஒவ்வொன்றாகப் பிரித்தறியக்கூடிய வேகம் இது. புல்லட்டின் ரகசியமெல்லாம் இதில்தான் இருக்கிறது. மற்ற வண்டிகளின் ஓசை ஓர் இழையாக ஓடும். இதன் ஓசை அடி அடியாக விழும். அதாவது, மற்றவை வயலின், இது மிருதங்கம்.

தகப்பனாருக்கு மில்லில் வேலை. ராத்திரி ஷிப்டு முடிந்து அவர் வரும்போது ஊர் அடங்கியிருக்கும். படுக்கையில் அரைத் தூக்கத்திலிருக்கும் எனக்கு ஒன்றும் கேட்காது. அம்மாவுக்குக் கேட்கும். "மணிக்கூண்டு திரும்பியாச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். வண்டி வாசலில் வந்து நிற்பதற்கும் கல் காய்வதற்கும் சரியாக இருக்கும். இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. தகப்பனார் காலமாகி ஆறு வருஷமாகிறது. வண்டி என் அக்காள் மகனிடம் வந்து சேர்ந்தது. சென்னையில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை. சனிக்கிழமை வந்தால் தாத்தா வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவான். அப்போதும் அம்மா, பழக்க தோஷத்தால், மணிக்கூண்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு கல்லைப் போடுவாள்.

இனிக் கச்சேரிகளுக்கு வருவோம்.

முதல் கச்சேரி, பழைய சைலன்சருடையது. அது துருப்பிடித்து அடிப்பக்கத்தில் ஓட்டை விழுந்திருந்தது. சைலன்சர் வெளியிலிருந்து துருப்பிடிப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். உண்மை அப்படியில்லை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. வண்டி நெடுந்தூரம் ஓடினால் குழல் சூடேறி அது வெளியே போய்விடும். வாரத்துக்கு ஒருநாள் கடைத்தெரு வரைக்கும் ஓடினால் உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தங்கி இரும்பைத் தின்னும். வெளியே புதுச்சேரியின் உப்புக் காற்று, உள்ளே இந்தத் தண்ணீர். பாவம், எத்தனை நாள் தாங்கும்? பல் விழுந்த பாகவதர் பாடுவதுபோல், ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில் ஒரு சீறல் சேர்ந்துகொண்டது. மாற்ற வேண்டியதுதான். இதில் மருமானை நான் குறை சொல்லவில்லை.

எதை மாட்டுவது என்பதில்தான் விவகாரம். புல்லட் சைலன்சர்களில் மாம்பழத்தைப்போல் ஜாதிகள் உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கோல்ட் ஸ்டார், பஞ்சாபி, இந்தோரி, லாங் பாட்டில், ஷார்ட் பாட்டில்! பையன் வாங்கிவந்தது உள்ளே ஒன்றுமே இல்லாத ஜாதி. ஒரு முனையில் கண்ணை வைத்தால் மறுமுனையில் முற்றத்துத் துளசி மாடம் தெரிந்தது.

மாட்டிய விதத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரியே போல்ட்டுகளுக்கெல்லாம் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறப்போட்டான். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பெண்டு பைப்பும் சைலன்சரும் சேருமிடத்திலுள்ள கிளாம்பைத் தளர்த்தி, பின்னால் தாங்கும் நட்டுகளைக் கழற்றி, அடித்து உடைக்காமல் இரண்டு கையாலும் மெல்லத் திருகி உருவினான். புதியதைச் செருகியதும் எதையும் ஒரேயடியாக முடுக்கவில்லை. எல்லாவற்றையும் விரல் முடுக்காக வைத்துக் குழல் நேராக உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டு, முன்னாலிருந்து பின்னாலாக ஒவ்வொன்றாய் இறுக்கினான். முதலிலேயே ஒரு முனையை இறுக்கிவிட்டால் மறுமுனை இழுபட்டு, ஓட்டத்தில் தாங்கி வெடித்துவிடுமாம். சொந்த வண்டியின் ஆணியைச் சொந்தக் கையால் கழற்றத் தெரிந்த பிள்ளைகள் குறைந்துவரும் காலத்தில், இது சாமானிய விஷயமல்ல.

பிறகு உதைத்தான். இரண்டாம் கச்சேரி ஆரம்பமாயிற்று.

தெருப் பையன்கள் ஓடிவந்தார்கள். தூணிலிருந்த புறாக்கள் பறந்தன. எதிர்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்பார்கள். அவர் காதிலிருந்த மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போனார். அன்றைய தினம் எழுதப்பட்ட முதல் விமரிசனம் அதுதான்.

என் விமரிசனம் வேறு மாதிரி. சத்தம் அதிகம் என்பது என் புகாரல்ல. தவில் கூடத்தான் சத்தம் அதிகம்; அதை யார் குறை சொல்கிறார்கள்? மிருதங்கத்தை மிருதங்கமாக்குவது அடி மட்டுமல்ல. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும்தான். சைலன்சரின் வேலை ஓசையைக் கொல்வதென்று பலரும் நினைக்கிறோம். அந்தப் பெயர் செய்த வினை அது. உள்ளே தடுப்புத் தகடுகள், துளையிட்ட குழாய்கள், சிலவற்றில் கண்ணாடிப் பஞ்சு. ஒலியலை தகட்டில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு மோதித் தேய்கிறது. கீச்சென்ற உச்ச ஸ்வரங்களைப் பஞ்சு குடித்துவிடுகிறது. மிஞ்சும் கீழ் ஸ்தாயி மட்டும், வழவழப்பாக, அடி அடியாக வெளியே வருகிறது. தகடுகளைப் பிடுங்கிவிட்டால் குழலின் தகர ஓசையும் உச்ச ஸ்வரங்களும் இடைவெளிக்குள் புகுந்துகொள்கின்றன.

போதாக்குறைக்கு எங்கள் தெரு. பன்னிரண்டு அடியில் எதிர்ச்சுவர். பிளஸ் டூவில் படித்த பௌதிகத்தைத் தூசு தட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவரில் பட்டு ஓசை திரும்பிவர ஏறக்குறைய வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். இரண்டு அடிகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியில் ஆறு எதிரொலி வந்துபோய்விடும். அடக்கமாக விழும் அடியின் எதிரொலி காதுக்கு வருமுன் தேய்ந்துவிடும்; இதன் எதிரொலி தேயுமா? ஆக, அடி எங்கே, இடைவெளி எங்கே? நான் கேட்டது ஒரே இரைச்சல். புல்லட்டின் குரலை விடுதலை செய்வதாக நினைத்து, அதைப் புல்லட்டாக்கும் ஒன்றையே பிடுங்கிப் போட்டிருந்தான் பையன்.

"பவர் கூடும் மாமா, மூச்சு நல்லா விடும்" என்றான் மருமான். இதுவும் பாதி உண்மைதான். புகை தடையில்லாமல் போனால் எஞ்சின் காற்றை அதிகம் இழுக்கும். ஆனால் அதற்கேற்பக் கார்பரேட்டரின் ஜெட்டைப் பெரிதாக்காவிட்டால் பெட்ரோல் குறைந்து, காற்று மிகுந்து, எஞ்சின் கொதிக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் 'பட் பட்' என்று ஒரு வெடி. கூட்டத்துப் பையன்கள் கைதட்டியதே அதற்குத்தான். எரியாத பெட்ரோல் சுடுகுழலில் பற்றிக்கொள்ளும் சத்தம் அது. மெக்கானிக்கின் காதில் அது நோயாளியின் இருமல். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். காபி நிறத்தில் இருக்கவேண்டிய முனை வெளுத்திருந்தது. பெண்டு பைப்பின் மெருகு நீலம் பாரித்திருந்தது.

"அப்புறம் ரேஸ் வண்டியிலே மட்டும் எப்படி?" என்றான். நல்ல கேள்வி. கிழக்கு ஜெர்மனியில் வால்ட்டர் காடன் என்ற என்ஜினீயர் இருந்தார். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைக்குழல் வெறும் வடிகால் அல்ல என்று 1950-களில் வேலை செய்து காட்டியவர்களில் முதன்மையானவர். குழலை ஓரிடத்தில் அகலமாக்கி மறுபடி குறுக்கினால், வெளியே போகும் அலை திரும்பிவந்து, தப்பியோடும் பெட்ரோலை எஞ்சினுக்குள்ளேயே தள்ளிவிடும். இந்த வித்தை அவரோடு நிற்கவில்லை. அவருடைய குழுவில் ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் ஸ்வீடன் பந்தயத்திலிருந்து தப்பியோடி, ஜப்பானில் சுஸுகியிடம் போய்ச் சேர்ந்தார்; அடுத்த வருஷமே 50 சி.சி. உலகப் பட்டம் சுஸுகிக்கு. நம் ஊர்ப் பிள்ளைகள் உயிரை விடும் ஆர்எக்ஸ் 100-இன் குழலும் இந்தப் பரம்பரைதான். கவனிக்கவேண்டியது என்னவென்றால், காடன் குழலைத் திறந்துவிடவில்லை. எங்கே திறக்கவேண்டும், எங்கே குறுக்கவேண்டும் என்று அளந்தார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு 80 டெசிபல் என்று 2005-இல் வரம்பு வந்தது. பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு இரண்டு மடங்கு. ஒலியின் சக்தியிலோ பத்து மடங்கு. வண்டியைத் தயாரித்தவர் வகுத்ததற்கு மாறாக மாற்றக்கூடாதென்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாயிற்று. அந்த வருஷமே திருத்திய சட்டப்படி, இரைச்சலுக்கு முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிடித்த சைலன்சர்களை வரிசையாகப் படுக்கவைத்து ரோடு ரோலரை ஏற்றும் காட்சி பல ஊர்களில் நடந்திருக்கிறது. 2020-க்குப் பிந்திய வண்டிகளில் தொல்லை இன்னும் அதிகம். புகையைச் சுத்தம் செய்யும் சாதனமும் ஆக்ஸிஜன் சென்ஸாரும் குழலோடு சேர்ந்தே வருகின்றன. அங்கே கை வைப்பவன் ஊரார் மூச்சிலும் கை வைக்கிறான்.

ஆனால் பையனைத் திருப்பியது என் சங்கீத சாஸ்திரமும் அல்ல, சட்டமும் அல்ல. அன்று சாயங்காலம் கடற்கரைப் பக்கம் போனான். ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். ஆகவே ஊரைச் சுற்றிவிட்டு எட்டு மணிக்குத் திரும்பினான். வீடே அதிர வாசலில் வந்து நின்று, "ஆயா, பசிக்குது" என்றான்.

அம்மா திடுக்கிட்டு எழுந்தாள். அடுப்பு மூட்டவில்லை. கல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏண்டா, நீ வந்தது தெரியவே இல்லையே!" என்றாள்.

"ஆயா, தெருவுக்கே கேட்டுதே!"

"கேட்டுது. என்னமோ சத்தம் வந்துது. வண்டி வரலியே?"

இதைவிடச் சுருக்கமான, இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஹார்லி டேவிட்ஸன் கம்பெனியார் தங்கள் மோட்டார் சைக்கிளின் ஓசையையே வியாபார முத்திரையாகப் பதிந்துகொள்ள 1994-இல் மனுப் போட்டு, ஆறு வருஷம் வழக்காடிவிட்டு 2000-இல் வாபஸ் வாங்கினார்கள். ஓசைக்கு உரிமையாளர் யாரென்று அமெரிக்காவில் தீரவில்லை. எங்கள் வீட்டில் தீர்ந்துவிட்டது. அது ஓட்டுகிறவனுக்கு மட்டும் சொந்தமல்ல. காத்திருந்து கேட்கிறவர்களுக்கும் பங்கு உண்டு.

மருமான் அன்று ராத்திரி அதிகம் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை, தடுப்புத் தகடுகளோடு கூடிய பழைய மாதிரிச் சைலன்சர் ஒன்றை வாங்கிவந்தான். எண்ணெய் விட்டு, விரல் முடுக்கு வைத்து, பிறகு இறுக்கி, இருவருமாக மாட்டினோம். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது என் பங்கு.

மூன்றாம் கச்சேரி பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். புதுத் தகரத்தின் விறைப்பு இருக்கிறது. என் தகப்பனாரின் வண்டிக்கு இருந்த கனிவு இதற்கு வர வருஷங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். ஆனால் அடி விழுகிறது. அடிக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. எதிர்வீட்டுச் சொல்தா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். "உங்க தாத்தா வண்டி மாதிரி இல்லே. ஆனா வண்டிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

கழற்றிய அந்த நாகரிகச் சைலன்சரை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றுவிடலாமென்றான் பையன். வேண்டாமென்றேன், விற்றால் இன்னொரு தெருவில் இன்னொரு கிழவி திடுக்கிட்டு எழுந்திருக்க வேண்டும். இப்போது பரணில் கிடக்கிறது. அங்கே அது தன் பெயருக்கேற்றபடி நடந்துகொள்கிறது.