சொல்லில் நின்ற வீடு

இழந்த வீட்டைத் தீட்டிய ஓவியர் பலர். அதனைச் சொல் சொல்லாகப் பிரித்து, சொல்லுக்கொரு படம் செதுக்கியவர் சரீனா ஆஷ்மி. 1999இல் அவர் படைத்த ‘வீடு ஓர் அந்நிய இடம்’ என்னும் தொகுதி, முப்பத்தாறு மரச்செதுக்கு அச்சோவியங்களைக் கொண்டது.

1937இல் அலிகாரில் பிறந்த சரீனா கணிதம் பயின்றவர். பாங்காக், பாரிஸ், தோக்கியோ நகரங்களில் அச்சுக்கலை கற்று, நியூயார்க்கில் வாழ்ந்து, 2020இல் இலண்டனில் மறைந்தார். இந்தியப் பிரிவினையின் விளைவாக அவர்தம் குடும்பம் 1959இல் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தது. பெண் கலைஞர்கள் ஒன்றுகூடி 1972இல் நியூயார்க்கில் நிறுவிய ஏ.ஐ.ஆர். கலைக்கூடத்தின் நிறுவுநருள், பெண்ணை விரும்பும் பெண்ணாகத் தம்மை வெளிப்படையாக அறிவித்த ஹார்மனி ஹேமண்டும் ஒருவர். ஆயினும், அன்றைய அமெரிக்கப் பெண்ணியத்தில் வெள்ளையரல்லாத பெண்களின் குரல் மங்கியே ஒலித்தது. அக்குறையைச் சுட்டவே, 1980இல் அதே கூடத்தில் மூன்றாம் உலகப் பெண் கலைஞர்களின் கண்காட்சியைத் தோழியருடன் சேர்ந்து அமைத்தார் சரீனா.

வீடு, வாசற்படி, முற்றம், எல்லை, தொலைவு எனத் தாய்மொழியாம் உருதுச் சொற்கள் தாள்தோறும் அமைந்துள்ளன. அவற்றின் மேலே கறுப்புக் கோடுகளும் கட்டங்களும் மட்டுமே. உருது அறியாத நமக்கும் அக்கோடுகள் பேசுகின்றன. சிக்கனமே இக்கலையின் வலிமை.

எனினும் ஒரு குறை உண்டு. அவ்வீட்டில் மனிதர் இல்லை; சமையற்கட்டின் சந்தடி இல்லை. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர்க் காடுகள் அழிந்து செம்பனையும் புதுக்குடியிருப்புகளும் எழுந்தபோது நம்மவர் இழந்த லயத்தை அத்தகைய அமைதியில் செதுக்க இயலாது. பெரட்டு மணியும் குழாயடிப் பூசலும் இன்றி லயம் ஏது? மேலும், சரீனா இழந்தது பேராசிரியர் ஒருவரின் இல்லம். நம்மவர் இழந்தது நிருவாகத்திற்குச் சொந்தமான கூரை. பட்டா இல்லாத வீட்டை நம் வீடு எனலாமோ என்பார்க்கு, பிள்ளை பிறந்ததும் பெற்றோர் கண்மூடியதும் அங்கேதான் என்பதே விடை.

கட்டடம் போயிற்று, சொல் எஞ்சியுள்ளது. அதுவும் நம் கண்முன்னே தேய்ந்து வருகிறது. மங்கு, பெரட்டு, ஆயாக்கொட்டகை என்றால் இன்றைய மாணவர் விழிக்கின்றனர். ‘எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர், ஒருமுறையேனும் மாணவரைப் பாட்டியிடம் அனுப்பி, தோட்டத்து வீட்டின் சொற்கள் முப்பத்தாறு கேட்டு வரப் பணித்தல் வேண்டும். சொல்லுக்கொரு படத்தை அவர்களே வரையட்டும்.