30 நொடிக்குப் பின் எல்லாம் மறந்துவிடும்

குரோம் உலாவியின் நீட்சிகளுக்குப் பின்னணி நிரல் ஒன்று உண்டு. நீட்சிகளுக்கான விதிமுறையின் முந்தைய பதிப்பான மேனிஃபெஸ்ட் 2 காலத்தில் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்கமாக, உலாவியை மூடும்வரை நினைவகத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. 2021 ஜனவரியில் குரோம் 88 கொண்டுவந்த மேனிஃபெஸ்ட் 3, அந்த இடத்தில் சர்வீஸ் வொர்க்கரை வைத்தது. வேலை வந்தால் இயங்கும். 30 நொடி சும்மா இருந்தால் உலாவி நிறுத்திவிடும்.

நின்றுபோன நிரலிடம் நிகழ்வு எப்படிப் போய்ச் சேரும்? எந்த நீட்சி எந்த நிகழ்வுக்குக் காத்திருக்கிறது என்ற பதிவை உலாவியே வைத்துக்கொள்கிறது. பயனர் புது டேப் திறந்ததும், நிரலை முதல் வரியிலிருந்து மறுபடி ஓட்டிவிட்டு நிகழ்வைக் கையில் கொடுக்கிறது. பத்துப் பதினைந்து நீட்சிகள் வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கனம் உண்மையான லாபம்.

தொல்லை அந்த முதல் வரியில் தொடங்குகிறது. பயனரின் அமைப்புகளைச் சேமிப்பிலிருந்து படித்துவிட்டு, அதன் பிறகு நிகழ்வுக்கான லிஸனரைப் பதிவு செய்வது பலருக்கும் பழக்கம். படித்து முடிப்பதற்குள் நிகழ்வு வந்து போய்விடும், பிழைச்செய்தியும் வராது. மாறியில் வைத்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். பத்து நிமிடம் கழித்து ஓடவேண்டிய செட்டைம்அவுட் ஓடவே ஓடாது.

இதில் ஒரு குரூரமான வேடிக்கையும் உண்டு. டெவ்டூல்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்வரை வொர்க்கர் நிற்பதில்லை. பிழையைத் தேடும்போதெல்லாம் பிழை இருக்காது.

லிஸனர்களை மேல்மட்டத்திலேயே பதிவு செய், நிலையைச் சேமிப்பில் வை, நேரத்துக்கு அலாரம் பயன்படுத்து என்று கூகுள் சொல்லும் வழிகள் சரியானவையே. அவை நல்ல ஒழுங்கையும் பழக்குகின்றன. ஆனால் நிறுத்துவதற்குக் கடிகாரத்தை அளவுகோலாக்கியதும், பக்கத்தின் உள்ளடக்கத்தைக் கையாள உதவும் டாமை (DOM) வொர்க்கருக்குத் தராததும் அவசர முடிவுகள் என்பதற்குக் குரோமின் பின்னாளைய திருத்தங்களே சாட்சி. டாம் இல்லாத குறைக்கு 109ஆம் பதிப்பில் ஆஃப்ஸ்கிரீன் ஆவணம் வந்தது. நிகழ்வுகள் வந்துகொண்டிருந்தாலும் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடும் வரம்பு 110இல் நீங்கியது. வெப்சாக்கெட்டில் செய்தி போய்வந்தால் கெடு நீளும் என்பது 116இல் சேர்ந்தது. அலாரத்தின் குறைந்தபட்ச இடைவெளி 120இல்தான் ஒரு நிமிடத்திலிருந்து 30 நொடியானது.

ஃபயர்ஃபாக்ஸ் வேறு வழியில் போனது. மேனிஃபெஸ்ட் 3ஐ ஏற்றுக்கொண்டாலும், சர்வீஸ் வொர்க்கருக்குப் பதில், நிகழ்வு வரும்போது மட்டும் இயங்கும் பின்னணிப் பக்கமான நிகழ்வுப் பக்கத்தை வைத்துக்கொண்டது. சும்மா இருந்தால் அதுவும் நிறுத்தப்படும், மாறிகளும் அழியும். ஆனால் டாம் கைவசம் இருக்கும். நினைவகத்தை மிச்சப்படுத்த டாமைப் பறிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்குக் குரோமிடம் தெளிவான பதில் இல்லை.