வெகுளிச் சுவையும் 2009 ஆம் ஆண்டின் இசைத்தட்டுக்களும்

ஓராண்டில் வெளிவந்த இசைத்தட்டுக்களுள் தமக்கு உவப்பானவற்றைத் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்திக் காட்டுதல் மேனாட்டு இசைச் சுவைஞரிடையே நன்கு வேரூன்றிய வழக்கமாகும். இன்னது இனிது என்று கூறுவதோடு அமையின் அது வெறும் விருப்பப் பட்டியலாய் முடியும். இன்ன காரணத்தால் இனிது என்று காட்ட முற்படும்பொழுதே திறனாய்வு தொடங்குகின்றது. அவ்வழக்கத்தை மேற்கொண்டு, 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்து இசைத்தட்டுக்களை ஈண்டு மதிப்பிட முயல்வாம். அவற்றுள் மூன்று 'மெற்றல்' எனப்படும் பேரோசை இசையைச் சார்ந்தன; ஏனைய இரண்டும் பிற வகையின.

அவ்வாண்டினை யாம் தெரிந்தெடுத்ததன் காரணத்தை மன்னார்க் கரையில் வாழ்வோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நீண்ட போர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. பெருநிலத்து ஊர்களிலிருந்து முந்திய ஆண்டிலே பெயர்ந்த மக்கள் பலர் வன்னியின் உட்புறம் சென்று, இடத்துக்கிடம் ஒதுங்கி, ஈற்றிலே செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களை அடைந்தனர். உலகின் பிற பாகங்களில் இவ்விசைத்தட்டுக்கள் கேட்டு மகிழப்பட்ட அத்திங்கள்களில், எம்மவர்க்குக் கேட்டற்குரியனவாய் இருந்தவை வேறு ஓசைகள். யாமும் இவற்றைப் பின்னரே கேட்டோம். ஆகவே எமது வரிசை காலந் தாழ்ந்த வரிசையாகும். காலந் தாழ்ந்தமையாலேயே அதற்கொரு பயனும் உண்டு: புதுமையின் கவர்ச்சி நீங்கியபின் எஞ்சி நிற்பது எது என்பதை அஃது உரைத்துக் காட்டும்.

மெற்றல் இசையைப் பற்றி நம் ஆசிரியர்களும் பெற்றோரும் எழுப்பும் தடைகள் இரண்டு. அஃது இசையன்று, வெறும் இரைச்சலே. நம் மரபுக்கு முற்றிலும் அயலானது என்பது ஒன்று. வெடியோசை கேட்டு நடுங்கிய செவிகளுக்கு மீண்டும் பேரோசையைத் தருதல் தகுமோ என்பது மற்றொன்று. முதலாவது எளிதில் விடை கூறத்தக்கது. இரண்டாவது அத்துணை எளிதன்று.

சிவராத்திரி இரவிலே திருக்கேதீச்சரத்தில் நின்றோர், பேரோசை நமக்கு அயலானது என்று கூறார். தவிலும் சங்கும் சேமக்கலமும் மணியும் ஒருங்கே முழங்குங்கால், அருகில் நிற்பவர் சொல்லும் செவியில் விழுவதில்லை. அபிடேக காலத்திலே ஓதப்படும் ஸ்ரீருத்திரமும் உருத்திரனது சினத்தையே முதற்கண் வணங்கித் தொடங்குகின்றது. மன்னாரின் நாட்டுக்கூத்து மரபிலே, மாதோட்டப் பாங்காயினும் யாழ்ப்பாணப் பாங்காயினும், கொடுங்கோல் மன்னன் வெகுண்டெழும் இடத்தில் மத்தளமும் தாளமும் மென்மையாக ஒலிப்பதில்லை. 'மூவிராசாக்கள் நாடக'த்து ஏரோது மெல்லிய குரலிற் சினந்தால் அவையோர் அவனை நம்புவரோ? சினத்தைப் பெருங்குரலில் நிகழ்த்திக் காட்டுதல் நமக்குப் பழகிய கலையே.

இனி இரண்டாவது தடையை நோக்குவாம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது வெகுளியை விலக்கினாரல்லர். நகைக்கும் உவகைக்கும் ஒத்த இடத்தை அதற்கும் அளித்தார். வெகுளி பிறக்கும் நிலைக்களன்களாக அவர் கூறியவை நான்கு: உறுப்பை அறுத்தல், குடிக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல். இந்நான்கினையும் இக்கரை கண்டறிந்தது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் மன்னார்த் தீவினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், பின்னர்ப் பலகால் இடம்பெயர்ந்த தமிழ் மக்களும், தத்தம் நெஞ்சில் இவற்றைச் சுமந்தனர். அழுகைக்கு நம்மிடம் ஒப்பாரி இருந்தது. தவக்காலத்துப் பசாம் இருந்தது. நிலைக்களன்கள் நான்கும் நிறைந்திருந்த வெகுளிக்கோ உரிய பாட்டு அரிதாகவே இருந்தது. வெடியோசை நம்மைக் கேளாமலே வந்து வீழ்வது. அதற்குத் தாளமில்லை, முடிவு எப்போதென்று அறியவும் இயலாது. மெற்றல் இசையின் பேரோசையோ தாளத்துக்குட்பட்டது. தொடங்கும் இடமும் முடியும் இடமும் உடையது. கேட்போன் விரும்பியபோது நிறுத்தவும் கூடியது. அச்சம் தந்த ஓசையை ஒழுங்குக்கு உட்படுத்திக் கேட்பது அவ்வச்சத்தை வெல்வதற்கு ஒரு வழியாகும். எல்லார்க்கும் இவ்வழி பொருந்தும் என்று யாம் கூறவில்லை. பொருந்துவோரைப் பழித்தல் தகாது என்பதே எம் கருத்து.

இவ்விசையின் பிறப்பினை நோக்கினும் இவ்வுண்மை புலனாகும். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்துக் கிற்றார்க் கலைஞர் டொனி அயோமி தொழிற்சாலை விபத்தொன்றில் இரு விரல்களின் நுனிகளை இழந்தார். செயற்கை நுனிகளை அணிந்து, நரம்புகளைத் தளர்த்தி, சுருதியைத் தாழ்த்தி அவர் வாசித்தமையாலேயே அக்கனத்த ஓசை உருவாயிற்று. அவர்தம் 'பிளாக் சபத்' குழுவின் முதலிசைத்தட்டு 1970 இல் வெளிவந்தது. தொல்காப்பியர் முதலாவதாகச் சுட்டிய உறுப்பிழப்பே இவ்விசையின் தொடக்கத்திலும் நிற்பது கருதத்தக்கது.

ஆகவே மெற்றல் இசைத்தட்டை மதிப்பிடுதற்குரிய வினா, அது எத்துணை உரத்தது என்பதன்று. அதன் வெகுளிக்கு நிலைக்களன் உண்டா, அது சென்று சேரும் இடம் எது என்பதேயாம். இவ்வளவுகோல் கொண்டு மூன்று தட்டுக்களையும் நோக்குவாம்.

நம் கல்லூரியார் முதலிடம் அளிக்க விரும்பக்கூடியது சிங்கப்பூரின் 'ருத்ரா' குழுவினரது 'பிரமவித்யா: ட்ரான்சென்டென்டல் ஐ' என்பதாகும். 1992 இல் தோன்றிய இக்குழுவினர் வேதாந்தப் பொருளையும் வடமொழிச் சுலோகங்களையும் மெற்றலிற் புகுத்தியவர்கள். 2005 இல் தொடங்கி 2011 இல் முற்றுப்பெற்ற மூன்று தட்டுக்களின் வரிசையில் இது நடுவண் நிற்பது. தேர்த்தட்டிலே பார்த்தனுக்கு உரைக்கப்பட்ட உபதேசத்தை நினைவூட்டும் 'ஹிம்ஸ் ஃப்ரொம் த பிளேசிங் சாரியட்' என்னும் பாட்டு, போர்க்களத்தையும் ஞானத்தையும் ஒரே மூச்சில் தருகின்றது. இவர்தம் சினம் பகைவர்மீது செல்வதன்று, அறியாமைமீது செல்வது. நோக்கம் உயர்ந்தது. எனினும் குறை ஒன்றுண்டு. வேதாந்தத்துக்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்னும் படிகள் உண்டென்பர்; அவற்றுள் கேட்டலே முதற்படி. உறுமற் குரலிலே ஆங்கிலச் சொற்கள் மறைந்துபோகின்றமையால், ஏட்டைக் கையில் வைத்திராதார்க்கு அம்முதற்படியே வாய்ப்பதில்லை. வடமொழிச் சுலோகம் தெளிவாக எழும் இடங்களிலேயே பொருளும் ஓசையும் ஒன்றுபடுகின்றன. பெயராலும் பொருளாலும் நமக்கு அணித்தாயிருப்பது பற்றி அதன் தரத்தை மிகுத்துக் கூறுதல் திறனாய்வுக்கு இழுக்காகும். இதற்கு யாம் மூன்றாமிடம் அளிப்பாம்.

'சன்' என ஒலிக்கப்படும் அமெரிக்கக் குழுவினரின் 'மொனொலித்ஸ் அன்ட் டைமென்ஷன்ஸ்' முற்றிலும் வேறானது. இக்குழுவினர் தாளக்கருவியை விடுத்து, கிற்றாரின் ஒரு சுரத்தை நெடுநேரம் நீட்டி ஒலிக்கச் செய்வர். தம்புராவின் சுருதிக்குப் பழகிய செவிக்கு இது புதிரன்று. ஈற்றில் வரும் 'அலிஸ்' என்னும் பகுதி 2007 இல் மறைந்த அலிஸ் கொல்ட்ரேனுக்கு உரிய காணிக்கை. யாஸ் இசைக் கலைஞரான அவ்வம்மையார் துரியசங்கீதானந்தா என்னும் துறவுப் பெயர் பூண்டு கலிபோர்னியாவில் ஆச்சிரமம் நிறுவியவர். முதியவரான யூலியன் பிறீஸ்ரரின் துரொம்போன் ஒலி, இருளிலிருந்து மெல்ல எழுந்து, யாழொலியோடு கூடி ஓய்கின்றது. வெகுளி நெடுநேரம் நின்றால் அமைதியாய் மாறும் என்பதை இப்பகுதி உணர்த்துகின்றது. முற்பகுதிகள் அவ்வாறு மாறாமல் இருளிலேயே தங்கிவிடுதல் குறையாகும். இஃது இரண்டாவது.

முதலிடம் அற்லாண்டா நகரத்து 'மஸ்ரடன்' குழுவினரின் 'கிராக் த ஸ்கை'க்கு உரியது. அதில் அமைந்த பாட்டுக்கள் ஏழே. முடங்கிய சிறுவனொருவனின் உயிர் உடலை விட்டுப் பறந்து, ஞாயிற்றை அணுகி, உடலோடு பிணைத்த கயிறு எரிந்துபோக அலைகின்றது என்பது கதை. ஞாயிற்றாற் சிறகு தீய்ந்து, தென்கடற்கரையிலே வானரரைச் சந்தித்த சம்பாதியை நாம் அறிவோம்; ஆகவே இக்கதை நமக்குத் தொலைவானதன்று. இத்தட்டின் பெயரிலே மறைந்திருப்பது ஒரு பெண்ணின் பெயர். முழவு வாசிக்கும் பிரான் டெய்லரின் சகோதரி ஸ்கை, பதினான்கு வயதிலே தன்னுயிரை மாய்த்துக்கொண்டவள். முன்னைய தட்டுக்களில் முழங்கிய இக்குழுவினர் இதிற் பெரும்பாலும் பாடுகின்றனர். அவள் பெயர் தாங்கிய பாட்டிலேதான், விருந்தாய் வந்த ஸ்கொற் கெலியின் குரலில், பழைய முழக்கம் மீளுகின்றது. அங்கே எழுவது சினமா, இழவின் அழுகையா என்று பிரித்தறிதல் இயலாது. வெகுளியின் அடியில் அழுகை கிடத்தலை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய தட்டு அவ்வாண்டில் யாம் கேட்டவற்றுள் பிறிதில்லை.

நம் நாட்டிலிருந்து ஒன்றும் இவ்வரிசையில் இல்லையே என வினவலாம். கொழும்பின் 'ஸ்ரிக்மாற்றா' குழுவினர் 2006 இலும் 2010 இலும் தட்டுக்கள் வெளியிட்டனர். அவற்றுக்கு இடையே வீழ்ந்தது நாம் எடுத்துக்கொண்ட ஆண்டு.

பிற வகையினவற்றுள் இளையராசாவின் 'நான் கடவுள்' முதலிடம் பெறும். ருத்ராவின் தட்டும் இதுவும் ஒரே ஆண்டில், பெயரிலேயே 'நான்' என்பதைத் தாங்கி வந்தமை வியப்புக்குரியது. விஜய் பிரகாசு பாடிய 'ஓம் சிவோஹம்' மெற்றற் கருவிகள் இன்றியே மெற்றலின் உரத்தை எட்டுகின்றது. சொல்லும் தெளிவாக விளங்குகின்றது. மது பாலகிருட்டிணன் பாடிய 'பிச்சைப் பாத்திரம்' உடலையே இரக்கும் கலமாகக் காண்கின்றது. 2009 இல் முகாம்களிலே கலமேந்தி வரிசையில் நின்றோர் இப்பாட்டைக் கேட்குங்கால் அதன் தத்துவத்தை எவரும் விளக்கவேண்டுவதில்லை. மேலும், 1978 ஆம் ஆண்டின் 'அச்சாணி' படத்துக்கென அமைந்த 'மாதா உன் கோயிலில்' என்னும் பாட்டு இதில் மீண்டும் இடம்பெற்றது. 2008 ஏப்பிரலில் மடு அன்னையின் திருச்சொரூபம் தன் கோயிலை விட்டுத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஓகத்து மாதத்தில் மீண்டதை அறிந்தோர்க்கு, அடுத்த ஆண்டில் அப்பழம்பாட்டு மீண்டு வந்தமை வேறொரு பொருள் தரும். இசையமைத்தவர் நம்மை எண்ணி அதனைச் சேர்த்தாரல்லர். எனினும் கேட்போரின் வாழ்வும் பாட்டுக்கு ஓர் உரையாகும்.

இரண்டாவது, அமெரிக்காவிற் பிறந்த தமிழ் வழியினரான பியானோக் கலைஞர் விஜய் ஐயரின் மூவர் குழு வெளியிட்ட 'ஹிஸ்ரோறிசிற்றி'. இதிலே 'கலாங்' என்னும் பாட்டை அவர் குரலின்றி வாசிக்கின்றார். அதனை முன்னர்ப் பாடியவர், யாழ்ப்பாணத்திலே குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியைக் கழித்து இலண்டன் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், அஃதாவது எம்.ஐ.ஏ. பாக்குநீரிணையின் இருகரைகளிலுமிருந்து சென்ற இரு குடும்பங்களின் பிள்ளைகள் அயல்நாட்டிலே ஒரு பாட்டிற் சந்திக்கின்றனர். சொல் நீங்கியபின்னும் பாட்டின் கலகம் விரல்களில் எஞ்சுகின்றது. அறிவின் கட்டுப்பாடு சிற்சில இடங்களில் உணர்ச்சியை முந்திவிடுதலால் இதனை இரண்டாமிடத்தில் வைத்தோம்.

இவ்வைந்தினாலும் யாம் பெற்ற முடிபு ஒன்று. கேதீச்சரப் பெருமான் நஞ்சை உண்டு அதனைக் கண்டத்தில் நிறுத்தினான் என்பர். உமிழ்ந்திருப்பின் உலகம் எரிந்திருக்கும். வெகுளியையும் கலைஞன் அவ்வாறே கண்டத்தில் நிறுத்துகின்றான். பிறர்மீது உமிழ்வதில்லை, இல்லையென்று மறைப்பதுமில்லை. அவ்வாறு நிறுத்தத் தெரிந்த தட்டே சிறந்த தட்டு. நாளை நம் மாணவருள் ஒருவர், கிற்றாரைக் கொண்டோ அண்ணாவியாரின் மத்தளத்தைக் கொண்டோ, இக்கரையின் 2009 ஐப் பாட முற்படின், உரத்துப் பாடுகின்றார் என்று அவரைத் தடுத்தல் வேண்டா. நிலைக்களன் எது, சேரும் இடம் எது என்னும் இரு வினாக்களை மட்டும் அவரிடம் வினவுவோம். விடை நேர்மையானதாயின், அந்த ஆண்டின் வரிசையிலே நாம் இன்னும் நிரப்பாது விட்ட இடம் அவர்க்கு உரியதாகும்.