மலைக்குள் ஒலிக்கும் சிறு வானொலியைக் கேட்பது எப்படி?

கொழும்பிலிருந்து வரும் தனியார் பண்பலைகளுக்குப் பழகிய காதுக்குச் சமூக வானொலி முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பேசுபவர் தடுமாறுவார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நாய் குரைக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சில நொடி சும்மா கழியும். பலர் அத்தோடு வேறு நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். போகுமுன் ஒரு வாரம் பொறுத்துக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். பெரிய வானொலியை அதன் குரலழகுக்காகக் கேட்கிறோம். சிறிய வானொலியை அது யாரைப் பேச வைக்கிறது என்று பார்த்துக் கேட்க வேண்டும்.

நல்ல உதாரணம் நம் மலைக்குள்ளேயே இருக்கிறது. மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்து புதிய மண்ணில் குடியேறியவர்களுக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்த, யுனெஸ்கோவும் டென்மார்க்கும் கைகொடுத்தன. தயாரிப்புக் குழு கிராமத்துக்குப் போய்ச் சில நாள் தங்கும். ஆட்களோடு பேசிப் பழகிய பிறகுதான் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்கும். அந்த வழியில் வந்ததுதான் நுவரெலியா மாவட்டத்தின் கொத்மலை சமூக வானொலி. 1985இல் நிறைவேறிய கொத்மலை அணைக்கட்டுக்கு அருகே 1989இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் ஒலி எட்டும் எல்லை சுமார் 20 கிலோமீட்டர்.

வெறும் 20 கிலோமீட்டரா என்று கேட்கலாம். மலைநாட்டில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை மலை, எத்தனை பள்ளம்! பண்பலை நேர்கோட்டில் போகும், குறுக்கே மலை நின்றால் அங்கேயே நின்றுவிடும். ஒரே தோட்டத்தில் மேல் கணக்கில் தெளிவாகக் கேட்பது கீழ்க் கணக்கில் வெறும் இரைச்சலாக இருப்பதற்கு இதுதான் காரணம். மத்திய அலைக்கு இந்தத் தடை குறைவு. இரவில் அது வானத்தில் பட்டுத் திரும்பிக் கடல் கடந்தும் வரும். திருச்சி வானொலியை லயத்துக்குள் இருந்தபடி கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடம் உண்டு. ஆகவே, ரசிகர் முதலில் கற்க வேண்டியது ரேடியோவை வைக்கும் இடம். தகரக் கூரைக்கு அடியில், அடுப்படி மூலையில் வைத்துவிட்டு நிலையத்தைக் குறை சொல்லக் கூடாது. ஜன்னலோரம் கொண்டுவாருங்கள். ஏரியலை முழுக்க நீட்டி மெல்லத் திருப்புங்கள். சில நேரம் ஒரு முழம் தள்ளி வைத்தாலே குரல் துலங்கிவிடும்.

அடுத்து நிகழ்ச்சி நேரங்களைக் கவனியுங்கள். ஒரு நிலையம் யாருக்காக நடக்கிறது என்பதை அதன் விளம்பர வாசகத்தைவிட நேர அட்டவணை உண்மையாகச் சொல்லும். காலையில் பெரட்டுக்குப் போன பெண் பின்னேரம் கொழுந்து நிறுத்து முடித்து, பிள்ளைக் காம்பராவில் விட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டுப் போட்ட பிறகுதான் அவள் காது அவளுக்குச் சொந்தம். காலை பத்து மணிக்கு மகளிர் நிகழ்ச்சி வைக்கும் நிலையம் கொழுந்தெடுக்கும் பெண்ணை நினைத்து வைக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு வைத்தால், யாரோ ஒருவர் தோட்டத்துக்கு வந்து பார்த்திருக்கிறார் என்று பொருள்.

பிறகு பேச்சு. அறிவிப்பாளர் எதை விளக்காமல் விடுகிறார் என்று கேளுங்கள். கவ்வாத்து, தவறணை, கைக்காசு, அரைப்பேர் என்ற சொற்களை அவர் அடுத்த வாக்கியத்தில் அவிழ்த்துச் சொன்னால், வெளியாருக்குப் பேசுகிறார். அவிழ்க்காமல் பேச்சோடு பேச்சாகப் போனால் நம்மோடு பேசுகிறார். செவ்வியில் பெரியவர் ஒருவர் "அந்தக் காலத்துல பெரிய கங்காணி..." என்று தொடங்கி நிறுத்துகிறார் என்று வையுங்கள். திறமையில்லாத அறிவிப்பாளர் உடனே அடுத்த கேள்வியைப் போடுவார். தேர்ந்தவர் காத்திருப்பார். மூச்சு வாங்கும் சத்தம், தூரத்தில் பீலித் தண்ணீர் விழும் சத்தம், பிறகு அவர் சொல்ல நினைத்த அசல் விஷயம். விளம்பரத்துக்கு நொடிக் கணக்கில் நேரம் விற்கும் நிலையத்தால் அப்படிக் காத்திருக்க முடியாது. சிறிய வானொலியால் முடியும். அந்த மௌனத்தைப் பிழை என்று எண்ணாமல் கேட்கப் பழகுவதே இந்த ரசனையில் முக்கால் பங்கு.

மரண அறிவித்தலையும் தள்ளிவிடாதீர்கள். இலங்கையில் தமிழ் வானொலி கேட்டவர் எவரும் அதை மறக்க மாட்டார். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யாருடைய மனைவி, யாருடைய தாய், பிள்ளைகள் எங்கெங்கே, பூதவுடல் எத்தனை மணிக்கு எந்த மயானத்துக்குப் போகும் என்று வரிசையாக வரும். அந்தப் பெயர்களை ஊர்களோடு சேர்த்துக் கேளுங்கள். தாய் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில், ஒரு மகன் கொழும்பில், மகள் வெளிநாட்டில் என்று ஒரு குடும்பம் சிதறிய கதை அரை நிமிடத்தில் வந்துபோகும். மலையகத்தின் இடப்பெயர்வைப் பற்றி நான் படித்த கட்டுரைகளைவிட இந்த அறிவித்தல்கள் எனக்கு அதிகம் சொல்லியிருக்கின்றன.

பாட்டைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாக வந்தது. அவர் செய்தது பெரும் கொடை. ஆனாலும் புத்தகத்தில் சொல் இருக்கும், இழுப்பு இருக்காது. ஒரே தாலாட்டை இரண்டு தோட்டத்துப் பெண்கள் பாடினால் எங்கே நீட்டுகிறார்கள், எங்கே முறிக்கிறார்கள் என்பது காதுக்குத்தான் தெரியும். காமன் கூத்தில் தப்பில் மாறி மாறி விழும் அடிகளும் அப்படியே. வானொலியில் இவை வரும்போது வேலை செய்துகொண்டே கேட்காமல் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

கொத்மலையில் 1990களின் கடைசியில் நடந்த ஒரு முயற்சி உலகெங்கும் பேசப்பட்டது. யுனெஸ்கோவின் துணையோடு நிலையத்துக்கு இணைய வசதி வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிடைத்ததை அவர்கள் மொழியிலேயே விளக்குவார். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் பொதுமக்கள் கணினியைத் தொட்டுப் பார்க்கவும் இடம் அமைத்தார்கள். கணினியே காணாதவர் கேட்ட கேள்விக்கு வானொலியில் பதில் வந்த காலம் அது. இத்தகைய நிகழ்ச்சியில் பதிலைவிடக் கேள்வியைக் கூர்ந்து கேட்பேன். ஊருக்கு எது தெரிய வேண்டியிருக்கிறது என்பது கேள்வியில்தான் இருக்கிறது.

இனி மனத்தில் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கொத்மலை வானொலி பெரும்பாலும் சிங்களத்திலேயே பேசியது. அதைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், தோட்டம் முழுக்கத் தமிழர்கள். நிலையத்தின் உரிமையும் கூட்டுத்தாபனத்திடமே இருந்தது. இதற்கு மாறாக, பொலிவியாவின் மலைகளில் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் இறுதியிலிருந்து சொந்தமாக வானொலி நிலையங்கள் நடத்தினார்கள். தம் கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக் கொடுத்து, தம் சங்கங்கள் மூலம் நடத்தினார்கள். இராணுவம் வந்து உடைத்தபோது திரும்பவும் கட்டினார்கள். நம் தொழிலாளர்களும் தலைமுறை தலைமுறையாகச் சம்பளத்தில் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள். அந்தச் சந்தாவில் ஒரு சிறு பகுதி ஒரு மைக்குக்கும் ஒரு ஒலிப்பதிவு அறைக்கும் போயிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கல்லூரிகளும் இதைச் செய்யலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலியைத் தொடங்கியபோது, மாணவர்களோடு சுற்றுவட்டாரக் குடியிருப்புப் பெண்களும் நிகழ்ச்சி செய்தார்கள். கொட்டகலை பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் இளைஞர்களில் பலர் தோட்டப் பிள்ளைகள், திரும்பத் தோட்டப் பாடசாலைகளுக்கே ஆசிரியராகப் போகிறவர்கள். அத்தகைய கல்லூரி ஒன்றிலிருந்து கிளம்பும் வானொலிக்கு அறிவிப்பாளரும் நேயரும் ஏற்கெனவே தயார். அலைவரிசை அனுமதிக்குக் காலம் பிடிக்கும் என்றால் இணையத்தில் தொடங்கலாம்.

அதுவரை நேயர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் லயத்தில் பழைய பாட்டோ காமன் கூத்தோ அறிந்த முதியவர் இருந்தால், அவர் சம்மதம் கேட்டு, கைத்தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். குறுக்கே பேசாதீர்கள். பெயர், தோட்டம், டிவிஷன், திகதி நான்கையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிரதி ஒன்றை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள், இன்னொன்றைப் பத்திரமாக வையுங்கள்.