வினைமுதல் இல்லாத வாக்கியம்

செட்டிகுளத்தில் வாழ்க்கைப்பட்ட சித்தி மகளோடு பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் காத்திருந்தபோது, சுவரிலிருந்த பலகையைப் பத்து முறையாவது வாசித்திருப்பேன். கருவிலுள்ள குழந்தையின் பாலினம் இங்கே தெரிவிக்கப்படமாட்டாது, அது சட்டப்படி குற்றம். தமிழ் வகுப்பெடுக்கிறவளின் புத்தி எங்கே போகும்? வாக்கியத்தில் வினைமுதல் இல்லை. சொல்கிறவர் இல்லை, கேட்கிறவரும் இல்லை.

சட்டம் இப்படி மழுப்பவில்லை. 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் கருத்தரிப்புக்கு முந்தைய பால்தேர்வையும் உள்ளடக்கிய அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, சொல்லாலோ சைகையாலோ வேறு எவ்வகையிலோ தெரிவிக்கக் கூடாது என்கிறது. குறிப்புப்பொருளைக்கூட விட்டுவைக்கவில்லை. 24ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் அவள் சோதனைக்கு வந்தாள் என்றே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, நீதிமன்றம் கொள்ள வேண்டும். வீட்டுக்குள் எழும் கேள்வி சட்டத்தின் காதில் விழுந்திருக்கிறது. பலகைக்குத்தான் விழவில்லை.

2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுவரை ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 943 பெண் குழந்தைகள். பெரம்பலூரில் 913, அரியலூரில் 897. அந்த ஆண்டே தொட்டில் குழந்தைத் திட்டம் இவ்விரு மாவட்டங்களுக்கும் வந்தது. பிறந்த பிறகுதானே தொட்டில்?

இனி நம் பக்கம். ‘பெண் கருக்கொலை’ என்று சுவரொட்டியில் எழுதுகிறோம், பட்டிமன்றத்தில் முழங்குகிறோம். என் முதல் தொகுப்பிலும் அந்தச் சொல் இருக்கிறது. அன்று கைத்தட்டலும் வாங்கியது. கொலை என்றால் கொலையாளி வேண்டுமே. மேசையில் படுத்திருப்பவளைத் தவிர வேறு யார் கண்ணில் படுவார்? 1971ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்புக்குத் திறந்துவிட்ட வழியை நாமே ஒரு சொல்லால் அடைக்கிறோம். தவறு கலைத்ததில் இல்லை, பெண் என்பதற்காகத் தேர்ந்து கலைத்ததில் இருக்கிறது. ‘பால்தேர்வுக் கருக்கலைப்பு’ கவிதையில் உட்காராது, கோஷத்துக்கும் ஆகாது. ஆனாலும் அதைத்தான் சொல்லியாக வேண்டும்.

அவசரமும் உண்டு. தாயின் ரத்தத்தில் கருவின் மரபணுத் துணுக்குகள் கலந்திருப்பதை டென்னிஸ் லோவும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் காட்டினார்கள். மரபணுக் கோளாறுகளை அறிய வந்த அந்த ரத்தப் பரிசோதனையில் பத்தாவது வாரத்திலேயே பாலினமும் தெரிந்துவிடும். அதை வெளியிடுவது இங்கே குற்றம்தான். ஆனால், அத்தனை சீக்கிரம் நடக்கும் கருக்கலைப்பில் எது தேர்வு, எது தேவை என்று வெளியிலிருந்து யார் பிரித்தறிவது? கொலை என்ற சொல் கையில் இருந்தால் சந்தேகம் எல்லாப் பெண்கள்மேலும் விழும்.

செட்டிகுளம் திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. வாசலிலேயே மாமியார் கேட்டார்: “டாக்டர் என்னம்மா சொன்னாங்க?”

“எல்லாம் நல்லாயிருக்காம் அத்தை.”

“அது சரி… பேரன் பொறந்தா முருகனுக்குக் கரும்புத் தொட்டில் கட்டுறதா வேண்டியிருக்கேன். அதான்…”

“பேத்தி பொறந்தா கட்ட மாட்டீங்களா அத்தை?”

அவர் பதில் சொல்லவில்லை. மூத்த பேத்தியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேன் பார்க்கத் தொடங்கினார்.