ஊற்றங்கரையில் ஒரு நூல்

வாழ்ந்த இடம் பறிபோய், வந்த இடம் மனத்தில் ஒட்டாத இடைக்காலத்தில் மனிதனுக்கு நூல் எவ்வாறு துணையாகிறது? இத்தாலிய அரசியலறிஞர் மாக்கியவெல்லி 1513 டிசம்பர் 10ஆம் நாள் நண்பர் வெத்தோரிக்கு வரைந்த மடல் இதற்கு விடை கூறுகிறது.

1512இல் மெதிச்சி குடும்பம் மீண்டும் ஆட்சிபெற, அவர் பதவி இழந்தார். மறு ஆண்டு சிறையும் சித்திரவதையும் கண்டார். பின்னர்ப் புளோரன்சை விட்டுச் சிற்றூர்ப் பண்ணையில் ஒதுங்கினார். அங்கு மாலைதோறும் அரசவை உடை பூண்டு, பண்டையோர் நூல்களில் நான்கு மணி நேரம் தோய்ந்து, கவலை மறந்தார். ‘இளவரசன்’ என்னும் நூல் அவ்வாசிப்பின் விளைவே.

திறனாய்வாளர் பெரிதும் போற்றுவது இப்பகுதியையே. ஆயின், மடலின் முற்பகுதியில் வேறொரு வாசிப்பும் உண்டு. பகலில் அவர் ஊற்றருகே அமர்ந்து, தாந்தே, பெத்ரார்க்கா, ஓவிட் போன்றோரின் கவிதைகளைப் படிக்கிறார்; அவர்தம் காதலில் தம் காதலை நினைந்து மகிழ்கிறார். பின்னர் விடுதியில் சூதும் ஆடுகிறார். சூதில் விளைந்தது காசுக்குப் பூசல். கவிதையில் விளைந்தது மன ஆறுதல்.

மாலை வாசிப்பைக் கல்வியென உயர்த்தி, பகல் வாசிப்பைப் பொழுதுபோக்கெனத் தாழ்த்துதல் பொருந்தாது. முறிந்த மனம் முதலில் ஆறவேண்டும். ஆறிய மனமே ஆழ்ந்து கற்கும்.

வீடு மாறிவந்து, புதிய வகுப்பில் தனித்தமரும் மாணவன் கதைநூலை விரித்தால், ‘பாடத்தைப் படி’ என அதனைப் பறித்தல் ஆசிரியர்க்கு அழகன்று. அவ்வேளையில் அவனுக்கு அந்நூலே ஊற்றங்கரை.