படமும் இயக்கமும்: ஹரேலின் நிலைவரைபடம் பற்றிய ஓர் ஆய்வு

கட்டடக் கலைஞன் வரையும் படம் தானே வீடாகிவிடுவதில்லை. மென்பொருட் பொறியியலிலோ, படத்தையே இயக்கிப் பார்க்கலாம் என்னுங் கொள்கை நாற்பதாண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகின்றது. படம் வரைந்து, பின் அதனை நோக்கி ஆணைத்தொடர் எழுதும் இரட்டை வேலை ஒழியும் என்பது அக்கொள்கையினர் கூற்று. அக்கூற்றை உரைத்துப் பார்ப்பதற்கு டேவிட் ஹரேலின் நிலைவரைபடம் தக்கதோர் உரைகல்லாகும்.

இஸ்ரேலிய கணினி அறிஞரான ஹரேல், 1982ஆம் ஆண்டின் இறுதியில், லாவி என்னும் போர்விமானத்தின் மின்னணுத் தொகுதியை அமைத்தோர்க்கு ஆலோசகராயினார். விமானத்தின் நடத்தை முழுவதும் பல நூறு பக்கங்களில் உரைநடையாய் எழுதப்பட்டிருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் யாது நிகழும் என அவர் வினவ, விடை பல பக்கங்களிற் சிதறிக் கிடந்தது. ஒன்றோடொன்று முரணியும் நின்றது. 1983இல் அவர் கண்ட வழி எளியது. நிலைகளைப் பெட்டிகளாக வரைந்து, பெட்டிக்குள் பெட்டியை அடக்கினார். ஒருங்கே நிகழ்வனவற்றை இடையே புள்ளிக்கோடிட்டுப் பிரித்தார். தனித்தனியே பத்து நிலைகள் உடைய இரு பகுதிகளைப் பழைய முறையில் வரைய நூறு பெட்டிகள் வேண்டும். இம்முறையில் இருபது போதும்.

இதன் சிறப்பைக் காட்டியவர் பொறியியலாளர் அல்லர், ஒரு விமானி. கரும்பலகையிலிருந்த படத்தைச் சிறிது நேரம் நோக்கிய அவர், ஓர் அம்புக்குறி பிழையான இடத்திற்குச் செல்கிறதென்று சுட்டிக் காட்டினாராம். பல நூறு பக்க உரைநடையில் அத்தகைய பிழையைக் கண்டுபிடித்தல் எளிதோ? பின்னர் வந்த ஸ்ரேற்மேற் என்னுங் கருவி அப்படங்களை இயக்கியும் காட்டியது. லாவித் திட்டம் 1987இற் கைவிடப்பட்டது. நிலைவரைபடத்தை உலகறியச் செய்த கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டே.

எனினும் குறை ஒன்றுண்டு. நூற்பா ஒன்றாயிருக்க உரைகள் பலவாதல் தொல்காப்பியம் பயின்றோர்க்குப் புதிதன்று. நிலைவரைபடத்திற்கும் அவ்வாறே நேர்ந்தது. 1994இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டாய்வு ஏறத்தாழ இருபது வேறுபாடுகளை எடுத்துக்காட்டியது. ஒரே நிகழ்ச்சிக்கு வெளிப்பெட்டியிலிருந்து ஓர் அம்பும் உட்பெட்டியிலிருந்து ஓர் அம்பும் புறப்படுமாயின், எது வெல்லும்? ஸ்ரேற்மேற் வெளியம்பைத் தெரியும், யூ.எம்.எல். உள்ளம்பைத் தெரியும். படித்த படம் ஒன்றே, நடப்பன இரண்டு. உரையாசிரியர் மாறுபட்டால் மாணவன் தடுமாறுவான். இங்கே தடுமாறுவது விமானம்.

வணிகத்துறையில் இக்குறை வேறு வடிவில் முதிர்ந்தது. 2011 ஜனவரியில் வெளியான பீ.பீ.எம்.என். இரண்டாம் பதிப்பு, அலுவலகச் செயன்முறைகளை வரைவதற்கும் இயக்குவதற்கும் ஒரே குறியீட்டு முறையை வகுத்தது. முகாமையாளரும் பொறியும் ஒரே படத்தையே படிப்பர் என்பது அதன் நோக்கம். நோக்கம் நன்றே, ஆயின் நூற்றுக்கு மேற்பட்ட குறியீடுகளை எந்த முகாமையாளர் கற்பார்? முந்திய பதிப்பைப் பற்றி 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, குறியீடுகளுள் ஐந்தில் ஒரு பங்கிலுங் குறைவானவையே வழக்கமாகக் கையாளப்பட்டன எனக் கண்டது.

குறியீட்டுப் பெருக்கம் சிறு குற்றமே. பெருங் குற்றம், இயக்கத்திற்கு வேண்டியவற்றுட் பல படத்திலே தோன்றாமையாகும். வங்கியொன்றின் கடன் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்க. வழி பிரியுமிடத்தில் ஒரு சாய்சதுரம்; ஓர் அம்பின்மேல் "பத்து இலட்சத்திற்கு மேல்" என்னும் பெயர்; அவ்வழி மேலதிகாரியிடம் செல்லும். அப்பெயர் மனிதர் படித்தற்கே உரியது. பொறி படிக்கும் நிபந்தனையோ, அதே அம்பிற்குரிய வேறோர் இடத்தில், படத்திற்குப் பின்னே எழுதப்படுகின்றது. இரண்டும் ஒத்திருத்தல் வேண்டுமென்று அம்முறை எவரையுங் கட்டாயப்படுத்துவதில்லை. நிபந்தனையில் ஐந்து இலட்சம் என எழுதப்பட்டிருப்பினும் படம் மாறாது; பொறியும் தடையின்றி இயங்கும். ஹரேலின் விமானி பிழையைக் கண்டார். ஏனெனில் அது அம்பிலேயே இருந்தது. இப்படத்திற்கு ஒப்பமிடும் முகாமையாளர் எத்துணைக் கூர்ந்து நோக்கினும் அவர் கண்ணிற் படுவது பெயர் மட்டுமே.